இருபத்திரண்டு பேரும் பத்திரம்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்களில் தன்னைப் போலத் தலை எண்ணுகிறவன் கிடையாது என்று அவனே சொல்லிக்கொள்வான். மற்றவர்கள் சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள். ஆனால் அவன் முந்திக்கொள்வான்.

காலையில் ஏற ஏற ஒரு எண்ணிக்கை. பள்ளி வாசலில் இறங்க இறங்க ஒன்று. மாலையில் மறுபடி ஒன்று, பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழித்தல். கடைசிக் குழந்தை இறங்கியதும் எஞ்சினை அணைத்துவிட்டு முன் சீட்டிலிருந்து பின் சீட் வரை நடப்பான். ஒவ்வொரு சீட்டுக்கடியிலும் குனிந்து பார்ப்பான். அந்த நடையில் ஒற்றைக் காலுறைகள் கிடைத்திருக்கின்றன, மூடியில்லாத தண்ணீர் பாட்டில்கள் கிடைத்திருக்கின்றன, ஒருமுறை காகிதத்தில் மடித்த ஒரு பால்பல் கூடக் கிடைத்தது. எல்லாம் மறுநாள் உரியவர் கைக்குப் போய்விடும். பல் உட்பட.

நடை முடிந்ததும் அம்மாக்கள் குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவான். தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிக்கிறவரைப் போல: "இருபத்திரண்டு பேரும் பத்திரம்."

பதிலுக்கு பூங்கொத்தும் இதயமுமாக வந்து குவியும். 'வேன் மாமா இருக்கும்போது எங்களுக்கென்ன கவலை' என்று ஒரு அம்மா தவறாமல் எழுதுவாள். வீட்டில் அதை உரக்கப் படித்துக் காட்டுவான். முகம் கொஞ்சம் உப்பும்.

"போதும், வெடிச்சுடப் போறீங்க," என்பாள் மனைவி.

அந்த இருபத்திரண்டில் அவனுடைய சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்த்தி இல்லை. அதே பள்ளி, அதே வேன்தான். ஆனால் அவர்கள் முதலில் ஏறி கடைசியில் இறங்குகிறவர்கள், வண்டியோடு சேர்ந்தவர்கள். ஸ்டெப்னி டயர், தீயணைக்கும் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, அதற்கடுத்து இவர்கள்.

பெரியவனுக்கு எட்டு வயது. வீட்டில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். பல் துலக்கச் சொன்னால்கூட இரண்டு பக்கத்து நியாயத்தையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவான். சின்னவனுக்கு ஐந்து. அவன் பொட்டலம். மாலையில் வேன் இரண்டாவது நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் முழங்காலை நெஞ்சோடு மடித்து, பையைக் கட்டிக்கொண்டு, யாரோ நூல் சுற்றி வைத்துவிட்டுப் போனது போலத் தூங்கிவிடுவான். வேனில் ஒரே ஒரு சட்டம் உண்டு: வேன் மாமா சொல்லாமல் யாரும் பெல்ட்டைக் கழற்றக் கூடாது, சீட்டை விட்டு எழக் கூடாது. அதை முழுசாகக் கடைப்பிடித்தவன் பொட்டலம் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாரும் அவ்வப்போது மேல்முறையீடு செய்வார்கள்.

கடைசி நிறுத்தத்திலிருந்து டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் வண்டிக் கொட்டகைக்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் அவன் யாருக்கும் பொறுப்பில்லாத மனுஷன். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, வார்த்தை தெரியாத பாட்டுக்களைப் பாடுவான். வண்டியைப் பூட்டி, பொட்டலத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, வக்கீல் கையில் பைகளைக் கொடுத்தால், ஏழு நிமிட நடையில் வீடு.

செவ்வாய்க்கிழமை வரை இப்படித்தான் நடந்தது.

அன்றைக்குக் கடைசி நிறுத்தத்தில் இறங்கிய சிறுமி தன் கைவேலையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அட்டையில் செய்த கலங்கரை விளக்கம். இரண்டடி உயரம், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, உச்சியில் ஒரு குட்டி பல்பு. வண்டியின் குலுக்கலில் மேல்மாடத்துக் கைப்பிடி பிய்ந்து தொங்கியது. உடனே சிறுமியின் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"கவலையே படாதீங்கம்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஒட்டி வச்சு, காலைல பூ மாதிரி கொண்டு வந்து குடுக்கறேன்."

போனை வைத்தால், வழக்கமாகத் தம்பி பக்கத்தில் உட்காருகிற வக்கீல் முன் சீட்டுக்கு வந்திருந்தான். கையில் கணக்குத் தேர்வுத் தாள். இருபதுக்கு ஏழு. அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"நீயே போட்டுடுப்பா. அம்மா பாவம், களைச்சுப் போய் வருவாங்க."

"அம்மா மேல என்னடா திடீர்னு இவ்வளவு கரிசனம்?"

"எப்பவும் இருக்கு. நீ கவனிச்சதில்ல."

"இருபதுக்கு ஏழு வாங்கிட்டு வாய் மட்டும் நூறுக்கு நூறு."

"ஏழு கணக்கு சரியா போட்டிருக்கேன். அதைப் பத்தி இந்த வீட்ல யாருமே பேச மாட்டேங்கறீங்க."

கொட்டகைக்கு வந்த பிறகும் வழக்கு முடியவில்லை. கலங்கரை விளக்கத்தைப் பிறந்த குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்தி இறங்கினான். கதவை இடுப்பால் தள்ளிச் சாத்தினான். சாவியைத் திருப்புவதற்கு மட்டும் அதை ஒரு கணம் வக்கீலிடம் கொடுத்தான். "பாத்துடா, பாத்துடா, அடுத்த வீட்டுப் பிள்ளையோடது," என்று சொல்லி வாங்கிக்கொண்டான். சைக்கிள்காரன் ஒருவன் உரசுவது போல வந்தபோது முதுகைக் காட்டி அதைக் காப்பாற்றினான். தோள் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று தோள் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

வீட்டில் கலங்கரை விளக்கத்தை மேஜை மேல் நிறுத்தி, பசை தேய்த்து, கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி நூறு வரை எண்ணினான். பிறகு பாலைக் காய்ச்சினான். இரண்டு டம்ளரில் ஊற்றினான். ஒன்றை வக்கீல் எடுத்துக்கொண்டான். இன்னொன்றின் மேல் ஆடை படியத் தொடங்கியது. அவன் அந்த ஆடையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பொட்டலம் எங்கடா?"

வக்கீல் டம்ளரை வாயிலிருந்து எடுத்தான். உதட்டுக்கு மேல் பால் மீசை. "நீதானேப்பா தூக்கிட்டு வருவே?"

அடுப்பை அணைத்தது யார் என்று இன்றைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. ஏழு நிமிட நடையை எத்தனை நிமிடத்தில் ஓடினான் என்றும் தெரியாது. ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை. பின்னாலேயே வக்கீலின் காலடிச் சத்தம் தட்தட்டென்று வந்தது.

தூறல் போட்டுக்கொண்டிருந்த குளிர்ந்த மாலை. ஜன்னல்கள் இரண்டு விரல்கடை திறந்திருந்தன. அது அவன் புத்திசாலித்தனம் இல்லை, கைப்பிடி பழுது. கதவைத் திறந்தான்.

பின்னாலிருந்து இரண்டாவது சீட்டில் பொட்டலம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பெல்ட் போட்டபடி, பையை மடியில் வைத்துக்கொண்டு. அழுது முடித்த முகம். மூக்கிலிருந்து ஒழுகியது காய்ந்து போயிருந்தது.

"இறங்கட்டுமாப்பா?" என்று கேட்டான்.

வெட்கம் முகத்தில் வருகிற விஷயம் என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான். அது முழங்காலில் வந்தது. சீட்டுகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டான். பெல்ட்டைக் கழற்றப் போன கை ஈரத்தில் பட்டது.

"ஒண்ணுக்கு வந்துச்சுப்பா. நீ எழுந்துக்கச் சொல்லல. அதனால வண்டிலயே போயிட்டேன்." பொட்டலம் அப்பாவின் முகத்தைப் படித்துப் பார்த்தான். "ஸாரிப்பா. இனிமே தூங்க மாட்டேன்."

முப்பத்தைந்து நிமிடம். எண்ணுகிறவன் இல்லையா, பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தான்.

அங்கேயே, அந்தச் சீட்டுகளின் நடுவிலேயே, இரண்டு பிள்ளைகளையும் கட்டிக்கொண்டு அவன் செய்தது இரண்டாவது காரியம். முதலாவதைவிட அதுதான் மோசம், ஆனால் அப்போது அது அவனுக்கு மோசமாகத் தெரியவில்லை. நியாயமாகத் தெரிந்தது.

"இதை அம்மாகிட்ட சொல்ல வேண்டாம். பயந்துடுவாங்க."

"பயப்படுவாங்களா, திட்டுவாங்களா?" என்றான் வக்கீல்.

"ரெண்டும்தான். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வெளில தெரிஞ்சா அப்பாவுக்கு வேலை போயிடும்."

பொட்டலம் உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு தலையாட்டினான். வக்கீலும் தலையாட்டினான். அவன் வாதாடாமல் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

மனைவி ஒரு தையல் ஆலையில் தரம் பார்க்கிறவள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை அவள் கண்ணைத் தாண்டிப் போகும். காலரில் ஒரு தையல் தாண்டியிருந்தாலும் சிவப்பு ஒட்டு விழும். அப்படிப்பட்டவள் ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்து, கைப்பையைக்கூட வைக்காமல் கொடியைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை எதுக்கு இவன் கால்சட்டை கொடில?"

"தண்ணி பாட்டில் கொட்டிடுச்சு," என்றான் அவன்.

"சோப்பு போட்டுத் துவைக்கற அளவுக்கா தண்ணி கொட்டுச்சு?"

"நாளைக்கும் போட்டுக்கணும்ல, அதான்."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மேஜை மேல் நின்ற கலங்கரை விளக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஊர்ப் பிள்ளைங்க சாமானையெல்லாம் தலைல சுமந்துட்டு வாங்க. உங்களை மாதிரி ஒருத்தரை எங்க போய்த் தேடறது!" நிஜமாகவே பாராட்டித்தான் சொன்னாள். அவன் குளியலறைக்குள் போய்த் தேவையில்லாமல் கை கழுவினான்.

மறுநாளிலிருந்து பொட்டலம் வேனில் தூங்குவதை நிறுத்திவிட்டான்.

தூக்கம் வரவில்லை என்றால் பரவாயில்லை. வந்தது. இரண்டாவது நிறுத்தத்தில் கண் செருகும். உடனே தலையை உதறிக்கொள்வான். கன்னத்தைக் கிள்ளிக்கொள்வான். ஜன்னல் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு விழித்திருப்பான். இதெல்லாம் ஓட்டுகிறவனுக்கு மேலே இருந்த கண்ணாடியில் தெரிந்தது. அந்தக் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்ப்பதுதான் அவன் வேலையே. பார்க்காமல் ஓட்டவும் முடியாது.

வக்கீல் தம்பியின் சட்டை நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். வண்டி ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, ரெண்டு பேர் இருக்கோம்!"

மற்ற பிள்ளைகளுக்கு இது புது விளையாட்டாகப் போய்விட்டது. வியாழக்கிழமைக்குள் வேன் முழுக்க, நிற்கிற இடத்திலெல்லாம், "மாமா, நான் இருக்கேன்! மாமா, நானும் இருக்கேன்!" என்று கத்தினார்கள். வாசலில் காத்திருந்த அம்மாக்கள் கை தட்டினார்கள். 'வேன் மாமாவின் புதிய பாதுகாப்பு முறை அருமை' என்று குழுவில் ஒருத்தி எழுத, பதினேழு இதயங்கள் விழுந்தன. அவன் அதற்கும் ஒரு சிரித்த முகத்தை அனுப்பி வைத்தான். அனுப்பிய கட்டை விரலைப் பிறகு பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மனைவிக்கு அரை நாள் வேலை. மதியத்திலிருந்து வீட்டில் இருந்தாள். இருந்தால் கண்ணும் இருக்குமே.

"என்னங்க, இவன் குளியலறைக் கதவைச் சாத்த விட மாட்டேங்கறான். சாத்தினா அலறறான்."

அவன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். "குளிருதோ என்னவோ," என்றான்.

"கதவைத் திறந்து வச்சா குளிராதா?"

வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் காரணம் தேட வேண்டியதில்லை.

அவள் பொட்டலத்தைத் துண்டோடு சுற்றிக் கூடத்துக்குக் கொண்டு வந்து மடியில் உட்கார வைத்தாள். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணு, யாராவது உன்னை எங்கயாவது வச்சுப் பூட்டினாங்களா?"

பொட்டலம் உதடுகளை உள்ளே மடித்தான். அண்ணனைப் பார்த்தான். சமையலறை வாசலில் கத்தியோடு நின்ற அப்பாவைப் பார்த்தான்.

"ஸ்கூல்லயா? டீச்சரா? ஆயாவா?"

 உதடு இன்னும் உள்ளே போயிற்று.

"சரி. திங்கக்கிழமை லீவு போட்டுட்டு ஸ்கூலுக்குப் போறேன். அந்த ஆயாவை ஒரு பிடி பிடிக்கறேன். கை நீட்டற பொம்பளைன்னு அப்பவே ஒரு பேச்சு வந்துச்சு."

அந்த ஆயா வயதானவள், தினமும் பொட்டலத்தின் ஷூ லேஸைக் கட்டிவிடுகிறவள். வாசலில் நின்றவனுக்கு அது தெரியும். வாயைத் திறந்தான். இந்த இடத்தில் சொல்லிவிடத்தான் திறந்தான். திறந்த வாய் காற்றை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது.

"நான்தான்மா," என்றான் வக்கீல்.

தரையில் உட்கார்ந்து ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தவன் எழுந்து நின்றான். "விளையாட்டுக்குத்தான். குளியலறைல வச்சு வெளில தாழ்ப்பாள் போட்டேன். செவ்வாய்க்கிழமை. அப்புறம் மறந்துட்டேன். அவன் உள்ளயே ஒண்ணுக்குப் போயிட்டான். அதான் கால்சட்டை."

எல்லாம் பொருந்தியது. கிழமை, கால்சட்டை, கதவு. இந்தக் கணக்கில் மட்டும் அவனுக்கு இருபதுக்கு இருபது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "தம்பியைக் கண்ணு மாதிரி பாத்துக்கறவன்னு உன்னை நம்பினேனேடா," என்றாள் மெதுவாக. "மறந்துட்டியா? உள்ள ஒரு உயிர் இருக்குன்னு மறந்து போயிடுமா ஒரு மனுஷனுக்கு?"

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்கு நீச்சல்குளம் கிடையாது. நீ வீட்ல இரு."

அது சின்ன தண்டனை இல்லை. குளத்தின் ஆழமான பக்கத்தில் ஏறிக் குதிக்கிற பலகைக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. வாசலில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். வக்கீல் ஒரு வருஷமாக அந்தக் கோட்டோடு வழக்காடி, போன மாதம்தான் அதைத் தாண்டியிருந்தான், அதுவும் முடியைப் படிய வாராமல். நாளைக்குத்தான் முதல் குதி. ஒரு வாரமாகக் கட்டிலிலிருந்து மெத்தைக்குக் குதித்துப் பழகிக்கொண்டிருந்தான்.

"சரிம்மா," என்றான்.

சமையலறை வாசலில் நின்றவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். உள்ளே ஒரு உயிர் இருக்கிறதென்று மறந்து போய்விடுமா ஒரு மனுஷனுக்கு என்ற கேள்வி அவனுக்கு வந்த கேள்வி. முகவரி மாறி எட்டு வயசுப் பையனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. 'இதோ, இங்கே கொடுங்கள்' என்று கையை நீட்டினால் போதும். சாப்பாட்டு நேரம் வரைக்கும் நீட்டுவதற்காகத்தான் காத்திருந்தான். தட்டு வைத்த பிறகு வாய் மறுபடி திறந்தது. "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டது.

"நீங்களாவது ஒரு வார்த்தை அவனைக் கேட்கக் கூடாதா?" என்றாள் மனைவி. "எல்லாத்துக்கும் நான்தான் கெட்டவளாகணுமா?"

"ம்," என்றான் அவன்.

சாப்பிட்டு முடித்து அவள் பாத்திரம் கழுவப் போனதும், பிள்ளைகளின் அறைக்குப் போய் வக்கீலின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். நீச்சல் உடை, கண்ணாடி, துண்டு எல்லாம் மடித்துப் பையில் வைத்திருந்தவன், அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"ஆயா மேல பழி வருதுல்ல." துண்டை மடித்தான். "நீ சொல்வேன்னு பாத்தேன். நீ சொல்லல."

 அவன் தரையைப் பார்த்தான்.

"உனக்கு வேலை போயிடும்ல. எனக்கு என்ன போகப் போகுது? நானும்தானே அவனை மறந்தேன்."

"நீ மறக்கலடா. அது உன் வேலை இல்ல."

"பக்கத்து சீட்டு நான்தான்." தீர்ப்பு எழுதி முடித்தவன் போலச் சொன்னான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாகப் போய்விட்டது. முதுகில் இரண்டு தட்டு தட்டினான். "விடுப்பா. அடுத்த வாரமும் நான் இதே உயரம்தான் இருப்பேன். குறைஞ்சா போயிடப் போறேன்?"

அவன் எழுந்து வெளியே வந்தான். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறான். முதலாளி, போக்குவரத்துக் காவலர், மாமனார். ஆறுதல் வாங்கி இவ்வளவு கூசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி ஜன்னலோரம் நின்று துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பொட்டலம் குளத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அண்ணன் வராவிட்டால் அவனுக்குக் காய்ச்சலாம். எங்கே காய்ச்சல் என்று கேட்டதற்கு முழங்கையைக் காட்டினான். பெரியவன் அறைக்குள்ளே ஒரு புத்தகத்தை ஒரே பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டிருந்தான்.

அவன் போய் இஸ்திரி மேஜைக்கு எதிரே நின்றான்.

"பெரியவனை விட்டுடு. அவன் ஒண்ணும் பண்ணல."

"ஆரம்பிச்சுட்டீங்களா வக்காலத்து?"

"வேன்ல விட்டுட்டு வந்தது நான். செவ்வாய்க்கிழமை. பூட்டிட்டு வந்துட்டேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. "என்னத்தை?"

"சின்னவனை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, அவன் கொஞ்சமும் எதிர்பார்க்காத விதமாக, சிரித்தாள்.

"பிள்ளை குளத்துக்குப் போகணும்கறதுக்காக இப்படி ஒரு கதையா? பொய்யாவது பொருத்தமா சொல்லுங்க. ஒத்தைக் காலுறையைக்கூட வண்டில விட்டுட்டு வராதவர் பெத்த பிள்ளையை விட்டுட்டு வந்தீங்களாக்கும்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"பழியை உங்க தலைல போட்டுக்கறது நல்ல மனசுதான். ஆனா பையன் கெட்டுப் போயிடுவான். போங்க அந்தாண்ட."

சொல்வதுதான் கஷ்டம் என்று ஐந்து நாளாக நினைத்திருந்தான். சொன்ன பிறகு நம்ப வைக்க வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை. தன்னைப் பற்றி அவனே ஊதி ஊதி வளர்த்து வைத்திருந்த நல்ல பெயர் குறுக்கே வந்து கையை விரித்து நின்றது, உள்ளே விடமாட்டேன் என்று. தான் எவ்வளவு மோசமானவன் என்பதற்கு அவன் சாட்சி தேட வேண்டியதாயிற்று. கலங்கரை விளக்கத்தைச் சொன்னான். இருபதுக்கு ஏழைச் சொன்னான். அறைக்குள்ளிருந்து "அப்பா!" என்று ஒரு ஆட்சேபணை வந்தது. பால் ஆடையைச் சொன்னான். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி மிச்சமிருந்தது.

கடைசியில் பொட்டலத்தைக் கூப்பிட்டான்.

"கண்ணா, செவ்வாய்க்கிழமை நீ எங்க இருந்தே? அம்மாகிட்ட சொல்லு."

பொட்டலம் உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டான். அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

"சொல்லலாம்டா. அப்பா சொல்றேன்ல."

"சொன்னா உனக்கு வேலை போயிடுமே," என்றான் பொட்டலம்.  ஐந்து நாளாக அவ்வளவு பெரிய ஒன்றை அவ்வளவு சின்ன வாய்க்குள் அடக்கி வைத்திருந்தவன், அடுத்த மூச்சில் அழ ஆரம்பித்தான். "இருட்டா இருந்துச்சும்மா. நான் கூப்பிட்டேன். யாருமே வரல. பெல்ட்டைக் கழட்டல நான். நல்லாத்தான் உட்காந்திருந்தேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். தரையில் உட்கார்ந்து பிள்ளையை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவன் தலைக்கு மேலாகக் கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றும் அளந்து வெட்டினது போல இருந்தது.

"எத்தனை நிமிஷம்?"

"முப்பத்தஞ்சு."

"ஜன்னல்?"

"ரெண்டு விரல்கடை திறந்திருந்துச்சு. கைப்பிடி பழுது."

"பழுதாகலைன்னா?"

  கதவு நிலையில் வக்கீல் வந்து நின்றிருந்தான்.

"மறந்தீங்க," என்றாள். "அதை நினைச்சாலே எனக்கு உடம்பு நடுங்குது. அதுக்காவது, மனுஷன், ஆயிரம் யோசனைல மறந்துட்டார்னு ஒரு நாள் நானே சமாதானம் சொல்லிக்குவேன். நேத்து அவன் அங்க நின்னு திட்டு வாங்கினானே. நீங்க இங்க நின்னு பாத்துட்டிருந்தீங்க. அப்ப எதை மறந்தீங்க?"

"எதையும் மறக்கல," என்றான் அவன்.  "பயந்துட்டேன்."

 அவள் பெரியவன் பக்கம் திரும்பினாள். "இங்க வா." வந்தான். அவன் காதைப் பிடித்தாள், திருகவில்லை, சும்மா பிடித்துக்கொண்டாள். "இனிமே யாருக்காகவும் இப்படிப் பொய் சொல்லாதே. அப்பாவுக்காகக்கூட. போய்ப் பையை எடு, கிளம்பலாம்."

"ஆயாகிட்ட சண்டை போட மாட்டீங்கல்ல?"

"போட மாட்டேன்டா."

அவன் ஓடினான். அவள் எழுந்து பொட்டலத்தின் மூக்கைத் துடைத்துவிட்டு, கணவனைப் பார்க்காமல் கேட்டாள். "நாளைக்குக் காலைல ஸ்கூல் ஆஃபீஸ்ல நீங்களே சொல்றீங்களா, நான் கூட வரட்டுமா?"

வேலை போய்விடும் என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்லித்தானே இரண்டு பிள்ளைகளின் வாயையும் கட்டினோம் என்று நினைவு வந்தது.

"நானே சொல்றேன்," என்றான்.

நீச்சல்குளத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மருந்து வாடை, விசில் சத்தம், ஈரத் தரையில் ஓடாதே ஓடாதே என்று நாலாபக்கமும் பெற்றோர்களின் கூப்பாடு. மனைவி பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்து, தனக்கும் அவனுக்கும் நடுவில் பைகளை வரிசையாக அடுக்கினாள். மூன்று பைதான். பெரிய சுவராக இருந்தது.  பொட்டலம் ஆழமில்லாத பக்கத்துப் படிக்கட்டில், அம்மாவின் கண்ணெதிரே, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தான்.

வக்கீல் பலகை மேல் ஏறி நின்றான். கீழே பார்த்தான். பெஞ்சிலிருந்து பார்க்க அவன் ரொம்பச் சின்னவனாக இருந்தான், விலாவெல்லாம் எண்ணிவிடலாம் போல. பின்னால் நின்ற பையன் "சீக்கிரம்டா" என்றான். "முதல் தடவை குதிக்கறவனுக்கு டைம் குடுக்கணும்னு ரூல் இருக்கு," என்று அவனுக்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குதித்தான்.

தண்ணீர் எல்லாப் பக்கமும் தெறித்தது. தலை வெளியே வந்தது. இருமினான், துப்பினான், ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சைத் தேடினான்.

"அம்மா, பாத்தீங்களா?"

"பாத்தேன்டா ராஜா!"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அப்பா பக்கம் திரும்பினான். "நீ?"

"பாத்தேன்."

"நிஜமா?"

நிஜமா என்று அவன் இதற்கு முன்னால் அப்பாவிடம் கேட்டதில்லை. ஏன் என்று கேட்பான், எப்படி என்று கேட்பான், யார் சொன்னது என்று கேட்பான். நிஜமா என்று கேட்டதில்லை.

"நிஜமா."

"என் கால் எப்படி இருந்துச்சு? நேரா இருந்துச்சா?"

பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து மனைவி திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. சூப்பர் என்று சொல்வதற்கு நாக்கு பழக்கத்தில் மேலே போனது. அதை இழுத்து நிறுத்தினான்.

"இல்லடா. ரெண்டும் ரெண்டு பக்கம் போச்சு. யாரோ தவளையைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்துச்சு."

வக்கீல் முகத்தைச் சுளித்தான். எதிர்வாதம் வரும் என்று பெஞ்சிலிருந்தவன் காத்திருந்தான். பையன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தான்.

"அப்போ பாத்திருக்கே," என்றான். ஏணிப்படியைப் பிடித்து ஏறி, சொட்டச் சொட்ட மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான்.